அப்பா இறந்து மூன்று மாதம், அண்ணன் மகன் அழவே இல்லை

சுங்கை சிப்புட் அத்தை:
வணக்கம். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பால் காலமானார். கொள்ளி வைத்த மகனுக்கு வயது 16. நான்காம் படிவம் படிக்கிறான். அன்றிலிருந்து அவன் அழுது நாங்கள் பார்த்ததில்லை. மாலையில் அப்பாவின் கப்சாயை (சின்ன மோட்டார் சைக்கிளை) துடைத்து, ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறான், ஏறி உட்காருவதில்லை. கருமக்கிரியை முடிந்த வாரமே, அவன் இரவில் ஒரு பெண்ணுடன் பேசுவது தெரிந்து, அண்ணி கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டார். "அப்பன் செத்த வீட்டில் இது ஒரு கேடா" என்று உறவினர்களும் ஏசினார்கள். இப்போது பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான். நாங்கள் செய்தது தவறா?

பழைய வாத்தியார்:
அம்மா, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவன் தோளைத் தட்டி, "இனி நீதான் குடும்பத்தைத் தாங்க வேண்டும்" என்று சொல்லியிருப்பார்கள். நாம் சம்பிரதாயத்துக்குச் சொல்வதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்கிறான். தாங்குகிறவன் அழக்கூடாது, சம்பாதிக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அண்ணனின் சம்பளத்தில் சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்திருந்தால், வாரிசு ஓய்வூதியத்திற்கு அண்ணி உடனே விண்ணப்பிக்கட்டும். தகுதி இருந்தால் பிள்ளைக்கு 21 வயது வரையிலும், மேற்படிப்பைத் தொடர்ந்தால் முதல் பட்டம் முடியும் வரையிலும் பங்கு உண்டு. இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் சேர்த்து அவன் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பணம் பற்றிய பயம் தீராமல் படிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பள்ளி ஆலோசகர், பேராக்:
சகோதரி, துக்கம் மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து படிகள் என்று பலரும் சொல்வது 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்னும் மனநல மருத்துவர் எழுதியதிலிருந்து வந்தது. அவர் எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி, உறவை இழந்தவர்களைப் பற்றி அன்று. 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்னும் இரு ஆய்வாளர்கள் விளக்கியதுபோல, இழந்தவர் மனம் துக்கத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். மாலையில் அந்த கப்சாய், இரவில் அந்தப் பெண்ணுடன் பேச்சு என்று உங்கள் பிள்ளையும் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கிறான். அதில் ஒரு பக்கத்தை நீங்கள் பூட்டிவிட்டீர்கள். காதலா நட்பா என்று விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இரவு இத்தனை மணி வரை என்று வரையறை சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்திற்குப் பிறகும் உணவு, உறக்கம், பள்ளி எல்லாம் முடங்கிக் கிடந்தால் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தான் சாவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசினாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த உதவி எண்களை அழையுங்கள்: அரசாங்கத்தின் தாலியான் காசே 15999, தன்னார்வ அமைப்பான பிஃப்ரண்டர்ஸ் 03-76272929, இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. தற்கொலை முயற்சி மலேசியாவில் 2023 முதல் குற்றமில்லை என்பதால் போலீஸ் வரும் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

லயத்துப் பையன்:
அக்கா, என் அப்பா போனபோது எனக்கு வயது 15. நான் உடைந்துவிடுவேன் என்று வீட்டில் அவர் பெயரையே எடுக்காமல் இருந்தார்கள். என்னவோ அவர் இருந்ததே இல்லை என்பதுபோல. அண்ணனைப் பற்றி அவன் காதுபடப் பேசுங்கள், சிரிப்பு வருகிற கதையாக இருந்தாலும் பரவாயில்லை.

சுங்கை சிப்புட் அத்தை:
எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அண்ணியே கைப்பேசியைக் கொடுத்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். சொக்சோவுக்காக அண்ணனின் சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தோம். அவை பழைய பிஸ்கட் டின்னில் இருப்பது அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.