விலை கூடிய எலெக்ட்ரிக் கிட்டார் கிட்: அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது?

புதுக்கம்பி:
வணக்கம். நாமே பூட்டிக்கொள்ளும் எலெக்ட்ரிக் கிட்டார் கிட் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வாசிக்கத் தெரியும், சால்டரிங் பழக்கம் உண்டு, டிரில், அரம், உப்புத்தாள் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. மரவேலை மட்டும் புதிது. லெஸ் பால் (கிப்ஸன் கம்பெனியின் பிரபல கிட்டார்) வடிவம்தான் ஆசை. மலிவான கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதே வடிவத்தில் இன்னொன்று அதைப்போல் நாலு மடங்கு விலை. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: ஒரு பாடி, ஒரு நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீளப் பகுதி), ஒரு பை நிறைய திருகு. அந்த நாலு மடங்கு எதற்கு? கொடுக்கலாமா?

பழைய_ஆம்ப்:
கொடுக்க வேண்டாம். நாலு மடங்கு செலவழிக்கத் தயார் என்றால் அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கிட்டாரே கிடைக்கும். பெயின்ட் அடித்து, ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சமன் செய்து, யாரோ சில வருடம் வாசித்துப் பழக்கிய கிட்டார். பிடிக்கவில்லை என்றால் வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே தள்ளிவிடலாம். கிட்டில் பூட்டியதை விற்கப் போய்ப் பாருங்கள். தலையில் பேர் இல்லாத கிட்டாருக்கு உதிரிபாகங்களின் விலைகூடத் தரமாட்டார்கள்.

இன்னொன்று, கிட்டின் மேல் போட்டிருப்பது முழு விலை இல்லை. மகோகனி துளைகள் உள்ள மரம், அதை அடைக்க கிரெய்ன் ஃபில்லர் வேண்டும். அப்புறம் சாயம், லாக்கர், நாலைந்து நம்பரில் உப்புத்தாள், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) வெட்டும் அரம், ஃப்ரெட் சமன் செய்யும் சட்டம். நட் அரம் ஒரு செட் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

மரத்தூள்:
கிட் வாங்குகிறவர்கள் செய்து பார்க்கும் ஆசையில் வாங்குகிறார்கள் சார். விற்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் இந்தப் பிரிவையே மூடிவிட்டுப் போகலாம்.

புதுக்கம்பி, அந்தக் காசில் பெரும்பகுதி நெக்கிலும், அது பாடியோடு சேரும் இடத்திலும் போகிறது. லெஸ் பால் வடிவம் கேட்கிறீர்கள், அதில் இது இன்னும் முக்கியம். அதில் வரும் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) உயரமானது. அதற்கு ஈடுகட்ட நெக் பின்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், சுமார் 3 முதல் 5 டிகிரி. இதில் ஒரு டிகிரி பிசகினால் என்ன ஆகும்? நெக் பாடியோடு சேரும் 16-ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கிட்டத்தட்ட 250 மி.மீ. அந்தத் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 4 மி.மீ.க்கும் மேல். சாய்வு குறைந்துவிட்டால் பிரிட்ஜைத் தரையோடு தரையாக இறக்கினாலும் கம்பி மேலேயே நிற்கும். மலிவு கிட்டில் சரியாக வந்ததையும் பார்த்திருக்கிறேன், வராததையும் பார்த்திருக்கிறேன். விலை கூடியதில் நீங்கள் காசு கொடுத்து ஒழிப்பது இந்தச் சூதாட்டத்தைத்தான்.

சால்டர்சாமி:
மரத்தூள் அண்ணன் பயமுறுத்துவதில் மன்னர். தம்பி, ஒட்டும் நெக் வேண்டாம், திருகில் பூட்டும் நெக்காக ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவம்) கிட் எடு, மலிவானதே போதும். கோணம் பிசகினால் நெக் உட்காரும் பாக்கெட்டில் மெல்லிய மரச்சீவல் ஒன்று வைத்து முடுக்கு, வேலை முடிந்தது. லியோ ஃபெண்டர் நெக்கைத் திருகில் பூட்டியதே கழற்றி மாற்றுவது சுலபமாக இருக்கட்டும் என்றுதானே.

மிச்சம் பிடித்த காசில் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) மாற்று. மலிவு கிட்டில் வருவது பெரும்பாலும் இரும்புக் குச்சிக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டிய பிக்கப். அதைக் கழற்றிவிட்டு ஆல்நிகோ 5 காந்தக் குச்சி உள்ளதைப் போடு. பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), ஸ்விட்ச், ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) எல்லாவற்றையும் மாற்று. எல்லாம் சேர்த்தும் அந்த நாலு மடங்கைத் தொடாது.

மரத்தூள்:
"எல்லாம் மாற்று" என்று எழுதுவது சுலபம் சாமி. மாற்ற உட்கார்ந்தால்தான் தெரியும். நல்ல சிடிஎஸ் கம்பெனி பாட்டின் கழுத்து 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மி.மீ. மலிவு கிட்டின் பிக்கார்டில் (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) துளை 7 அல்லது 8 மி.மீ. நுழையாது. ரீமர் வைத்துப் பெரிதாக்க வேண்டும், டிரில்லை வைத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ட்யூனர் துளை பழைய பாணிக்கு ஒரு அளவு, புதிய பாணிக்கு 10 மி.மீ. ட்ரெமொலோ (பிரிட்ஜை அசைத்து சுருதியை நடுங்கவைக்கும் அமைப்பு) இன்னும் மோசம். ஸ்ட்ராட் பாடியின் வழக்கமான தடிமன் 44 மி.மீ. சொச்சம். மலிவு கிட்டின் பாடி பல சமயம் அதைவிட மெலிசு. ட்ரெமொலோவின் அடியில் தொங்கும் பிளாக்குக்குப் பதில் நல்ல ஸ்டீல் பிளாக் வாங்கிப் போட்டால் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். திருகுத் துளைகளின் இடைவெளியும் 52.5 மி.மீ., 56 மி.மீ. என்று வேறு வேறு. மலிவில் தொடங்கி மெல்ல மெல்ல மேம்படுத்துவது என்பது, அளவுகள் ஒத்துப்போனால் மட்டும் நடக்கும் காரியம்.

சால்டர்சாமி:
சரி, துளை பெரிதாக்குவது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? அரை மணி நேர வேலை. ட்ரெமொலோ வேண்டாம் என்றால் டெலி (ஃபெண்டரின் டெலிகாஸ்டர்) வடிவம் இருக்கிறது. பெரிய ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் கையில் இருந்தது என்ன? தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பாடி, கிப்ஸனிலிருந்து பிடுங்கிய ஒரு ஹம்பக்கர் பிக்கப், சைக்கிள் பெயின்ட்.

ரிஃப்_ராணி:
சாமி, அவர் வாங்கியது கிட் இல்லை, தனித்தனியாக ஒரு பாடியும் ஒரு நெக்கும். கழித்துப் போட்டது என்றாலும் அது பூகி பாடிஸ் என்ற நல்ல பட்டறையில் கழித்தது. இங்கே பேசுவது அதுவல்ல.

நான் பழுது பார்க்கும் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். என் மேசைக்கு வரும் கிட் கிட்டார்களில் மலிவு, விலை உயர்ந்தது இரண்டும் உண்டு. இரண்டுக்கும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். நெக்கை நேராக்கிவிட்டு, மூன்று ஃப்ரெட்டில் மட்டும் உட்காரும் சின்ன எஃகுத் தகட்டை ஒவ்வொரு இடமாக வைத்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். மலிவு நெக்கில் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள்ளேயே டக் டக் என்று சத்தம் கேட்கும். சில ஃப்ரெட் உயரமாக இருக்காது, சரியாக அடித்து இறக்காமல் முனை மேலே எழும்பி நிற்கும். அதை அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்பும். அப்படி இருக்கும்போது மேலே தேய்த்து என்ன பயன்? மெல்லிய பசை விட்டு, கிளாம்ப் போட்டு இறக்கிய பிறகுதான் சமன் செய்யவே முடியும். அந்தக் கூலியே சில சமயம் மலிவு கிட்டின் விலையைத் தொட்டுவிடும். கிட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் கூலியைக் கேட்டதும் முகம் சுருங்குகிறார்கள்.

ஆனால் மரத்தூள் அண்ணா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். விலை கூடினால் வேலை குறையும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விலை உயர்ந்த கிட் சிலவற்றில் ஃப்ரெட்டே அடித்திருக்காது. நெக்கின் பின்புற வளைவை முக்கால்வாசி செதுக்கி, மீதியை உங்கள் கையளவுக்கு நீங்களே செதுக்கிக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பார்கள். பெட்டியில் பிக்கப்பும் பிரிட்ஜும் இல்லாமல் வெறும் மரம் மட்டும் வருவதும் உண்டு. தச்சு வேலை தெரிந்தவருக்கு அது விருந்து. புதுக்கம்பி தம்பி "மரவேலை புதிது" என்கிறார். அவர் கையில் அது என்ன ஆகும்?

பழைய_ஆம்ப்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். வேலை தெரியாதவனுக்கு மலிவு கிட் ஆகாது, அதைச் சரிசெய்ய வேலை தெரிய வேண்டும். விலை உயர்ந்ததும் ஆகாது, அதை முடிக்க வேலை தெரிய வேண்டும். அப்புறம் இதெல்லாம் யாருக்கு?

மரத்தூள்:
கற்றுக்கொள்ள நினைப்பவனுக்கு. குயீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே 1963-இல் அப்பாவோடு சேர்ந்து ரெட் ஸ்பெஷல் கிட்டாரைத் தொடங்கும்போது பள்ளிக்கூடத்துப் பையன். நெக்குக்குப் பழைய கணப்படுப்புச் சட்டத்து மரம், ட்ரெமொலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். எந்தக் கடையில் விற்றார்கள் அந்தக் கிட்டை?

ரிஃப்_ராணி:
அவரே பிக்கப்பைச் சொந்தமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தி இல்லாமல் கடைசியில் பர்ன்ஸ் ட்ரை-சானிக் பிக்கப் வாங்கித்தானே போட்டார்? எதைச் செய்ய வேண்டும், எதை வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அண்ணா, உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் உதவுகிறது.

கம்பியில்லாதவன்:
மரத்தின் தரத்தை யாருமே பேசவில்லையே? விலை உயர்ந்ததில் நிஜ மகோகனி, மலிவில் பாஸ்வுட், பவ்லோனியா. ஒலி எப்படி ஒன்றாக இருக்கும்?

சால்டர்சாமி:
ஆரம்பித்துவிட்டார்கள். இந்தச் சண்டைக்கு வேறு இழை போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, இங்கே வேண்டாம்.

ரிஃப்_ராணி:
ஒலியை விடுங்கள், பாலிஷுக்காகவாவது மரத்தைப் பார்க்க வேண்டும். மலிவு பாடிக்கு ஏற்கெனவே மெல்லிய சீலர் (மரத்துளையை அடைக்கும் பூச்சு) அடித்து அனுப்புகிறார்கள், சாயம் ஏறாது. அதைத் தேய்த்து எடுக்கலாம் என்றால் மேலே ஒட்டியிருக்கும் மேப்பிள் வெனீர் காகிதம் மாதிரி. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் அடியில் இருக்கும் மரம் எட்டிப் பார்க்கும். பசை சிந்திய இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாயம் போட்டதும் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதனால் சாயத்தைத் தொடும் முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், பசை உள்ள இடம் மட்டும் கருக்காது. விலை கூடிய கிட்டில் மேலே இருப்பது பல மி.மீ. தடிமனுள்ள அசல் மேப்பிள் பலகை என்றால், தேய்க்கவும் திருத்தவும் இடம் உண்டு. நல்ல சாயப் பூச்சு வேண்டுமென்றால் காசு கொடுக்கலாம். ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்து மூடப் போகிறீர்கள் என்றால் அந்தக் காசு தண்டம்.

சால்டர்சாமி:
எண்ணெய்ப் பூச்சு போதும் தம்பி. ஸ்ப்ரே வேண்டாம், கம்ப்ரெஸர் வேண்டாம். துணியில் தொட்டுத் தேய்த்தால் முடிந்தது.

ரிஃப்_ராணி:
அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். டூ-கே (இரண்டு திரவம் கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன் ஸ்ப்ரே பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அதில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் அதற்குக் காணாது.

புதுக்கம்பி:
நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. இப்போது என் நிலைமை: மேல்பக்கம் சாயம் போட்டு மர ரேகை தெரிய வேண்டும் என்று ஆசை. செகண்ட் ஹேண்ட் வேண்டாம், செய்து பார்ப்பதற்காகத்தான் இறங்குகிறேன். நான் பார்த்த விலை உயர்ந்த கிட்டில் ஃப்ரெட் அடித்தே வருகிறது என்று போட்டிருக்கிறார்கள். விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

ரிஃப்_ராணி:
ஃப்ரெட் "அடித்தது" வேறு, "சமன் செய்தது" வேறு. இரண்டில் எது என்று கேளுங்கள். ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுமா, இரண்டு பக்கமுமா? நட் எலும்பா, பிளாஸ்டிக்கா, பள்ளம் வெட்டியிருக்கிறதா? மேப்பிள் மேல்பலகை எத்தனை மி.மீ.? நெக் கோணம் எந்த பிரிட்ஜுக்குக் கணக்கிட்டது? இதற்கெல்லாம் எண்ணோடு பதில் வந்தால் அந்த விலைக்கு ஏதோ நியாயம் இருக்கிறது. "உயர்தர மரம், துல்லியமான வேலைப்பாடு" என்று விளம்பர வாசகமே திரும்பி வந்தால், மலிவு கிட்டையே வேறு பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நடக்கிறது.

பழைய_ஆம்ப்:
பதில் வந்தாலும் என் கருத்து மாறாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நட் அரத்தை மட்டும் காசு கொடுத்து வாங்காதே தம்பி. யாரிடமாவது இரவல் கேள், இல்லையென்றால் அந்த ஒரு வேலையை ராணி மாதிரி ஒருவரிடம் கொடுத்துவிடு.

மரத்தூள்:
பெட்டி வந்ததும் உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். முதலில் நெக்கைப் பசை இல்லாமல் மூட்டில் செருகுங்கள். கையை எடுத்தாலும் அது நழுவாமல் நிற்க வேண்டும். பிரிட்ஜை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, ஃப்ரெட்டுகளின் மேல் நீளமான எஃகு அளவுகோலை வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அளவுகோல் பிரிட்ஜின் தலையை உரசியபடியோ, அதற்குச் சற்று மேலேயோ போனால் சரி. பிரிட்ஜின் பக்கவாட்டில் போய் முட்டினால் சாய்வு போதாது. அப்புறம் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள், மெல்லிய கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் மேடு) அந்த இடத்துக்கு வர வேண்டும். தடித்த கம்பிக்கு அதைவிடச் சில மி.மீ. பின்னால் போக இடம் இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் அன்றைக்கே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். தேய்த்த பாடியையும் ஒட்டிய நெக்கையும் எந்த விற்பனையாளரும் திரும்ப எடுக்கமாட்டார்.

புதுக்கம்பி:
விற்பவருக்கு ராணி அக்கா சொன்ன கேள்விகளை அப்படியே அனுப்பிவிட்டேன். மேல்பலகை தடிமனுக்கு மட்டும் உடனே பதில் வந்தது: 6 மி.மீ. நெக் கோணத்துக்கு "கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள்.

சால்டர்சாமி:
அந்த பதில் வரும் வரைக்கும் காசை அனுப்பாதே தம்பி.