எமர்ஜென்சி பட்டனை அமுக்கியும் நிற்காத மெஷின்

பிறை வயர்மேன்:
இங்கே ஒரு மரவேலைப் பட்டறையில் பழைய சிஎன்சி ரௌட்டர், கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைக் குடையும் மெஷின். "பட்டனை அமுக்குனேன் அண்ணே, அது பாட்டுக்குப் போயி ஓரத்துல முட்டிச்சு" என்று அங்கே வேலை செய்யும் தம்பி கூப்பிட்டார். பேனலைத் திறந்தால், சிவப்புப் பட்டனிலிருந்து இரண்டே வயர், நேராகக் கன்ட்ரோல் போர்டின் ஓர் இன்புட்டுக்கு. அதுவும் நார்மலி ஓப்பன் கான்டாக்ட், அதாவது அமுக்கினால்தான் சர்க்யூட் மூடும். ஒரு வயர் டெர்மினலிலிருந்து கழன்று தொங்கியது. எப்போது கழன்றதோ, யாருக்கும் தெரியாது. எப்போதும் மூடியிருந்து, அமுக்கினால் திறக்கும் நார்மலி குளோஸ்டாக இருந்திருந்தால், கழன்ற அன்றைக்கே மெஷின் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கும்.

வயரிங்கை மாற்றிக் கொடுத்தேன். பட்டனில் நார்மலி குளோஸ்ட் கான்டாக்ட் இரண்டு, அங்கிருந்து சேஃப்டி ரிலே (பட்டன் சர்க்யூட்டைக் கண்காணிக்கும் ரிலே), அதற்குப் பிறகு தொடர்ச்சியாக இரண்டு கான்டாக்டர் (மோட்டார் கரண்டை வெட்டும் பெரிய சுவிட்ச்). ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது கரண்டை வெட்டிவிடும். கான்டாக்டர் திறந்ததா என்று காட்டும் துணைக் கான்டாக்டை ரிலேவுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பதால், ஒட்டியது இருக்கும்வரை ரீசெட் ஆகாது. கம்ப்யூட்டருக்கும் ஒரு சிக்னல் போகிறது, தகவலுக்கு மட்டும். விண்டோஸ் உறைந்து நின்றாலும் பட்டன் வேலை செய்தாக வேண்டுமே! தவுக்கே (முதலாளி) செலவைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். வெட்டும் கருவியைச் சுற்றும் ஸ்பிண்டில் புதிதாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டேன், சரி போடு என்றார்.

பாயான் லெப்பாஸ் மெயின்டனன்ஸ்:
அண்ணே, கரண்டைச் சட்டென்று வெட்டுவதிலும் வில்லங்கம் உண்டு. எங்கள் மெஷினில் ஹெட்டை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு சர்வோ மோட்டாருக்குப் பிரேக் கிடையாது. பட்டனை அமுக்கியதும் ஹெட் தன் பாரத்திலேயே இறங்கி, வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் ஜிக்கின்மேல் உட்கார்ந்தது. நல்லவேளை, யார் கையும் உள்ளே இல்லை. ஸ்பிண்டிலோ, அதன் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குக் கரண்ட் போய்விட்டதால், பிடிக்க ஆளில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மெஷின்களின் மின்சாதனப் பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 60204-1 அவசர நிறுத்தத்துக்கு இரண்டு வழி கொடுக்கிறது. வகை 0 என்றால் உடனே வெட்டு. வகை 1 என்றால் டிரைவ் பிரேக் போட்டு நிறுத்தியபின் வெட்டு. நாங்கள் வகை 1-க்கு மாறி, டிலே உள்ள சேஃப்டி ரிலே போட்டோம். டிரைவ் சொன்னபடி நிற்காவிட்டாலும், நேரம் முடிந்ததும் ரிலே கரண்டை எடுத்துவிடும். இசட்டுக்கு, கரண்ட் போனால் தானே இறுக்கிக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக்.

பட்டர்வொர்த் லேத்:
எங்கள் கடையில் சிக்கலே வேறு. பட்டனைத் திருகி விட்டதுமே, வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் சுற்ற ஆரம்பித்துவிடும்! அவசர நிறுத்தத்துக்கான தரநிலை ஐஎஸ்ஓ 13850 படி பட்டனை விடுவிப்பது மெஷினைக் கிளப்பக் கூடாது, ஸ்டார்ட்டைத் தனியாக அமுக்க வேண்டும். ரீசெட்டையும் ஸ்டார்ட்டையும் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை சக்கில் சாவி வைத்திருக்கும்போது மெயின் சுவிட்ச் ஆஃப், பூட்டு என் பையில்.