ஐஸ் குச்சிப் பாலம் பொறியியலா, கைவேலையா?

தேன்மொழி_அல்சூர்:
"ஏழாம் வகுப்பில் பொறியியல் என்று ஐஸ் குச்சியில் பாலம் கட்ட வைப்பது வெறும் கைவேலை, கோடிங் போதும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நான் அறிவியல் ஆசிரியை. என் பிள்ளைகள் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிய பாலத்தில் செங்கல்லைத் தொங்கவிட்டோம், நின்றது. சதுரம் சதுரமாகக் கட்டியது அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. இது கைவேலையா?

விட்டம்72:
அந்த "ஒருவர்" நான்தான் மேடம், பேரைச் சொல்லியே திட்டலாம். உங்கள் பாலம் நின்றது முக்கோணத்தால் இல்லை, ஃபெவிகாலால்.

தேன்மொழி_அல்சூர்:
சதுரத்துக்கும் அதே ஃபெவிகால்தான் சார்.

விட்டம்72:
காயவிட்டிருக்க மாட்டீர்கள். நிஜப் பாலம் கட்டிச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், மூட்டில் பசையை அப்பினால் எதுவும் நிற்கும்.

கேஆர்புரம்_குமார்:
சார், பசையே வேண்டாம். குச்சி முனையில் துளை போட்டு மூட்டுக்கொரு சின்ன போல்ட். நாலு குச்சிச் சட்டத்தை ஒரு விரலால் தள்ளினாலே சாய்ந்துவிடும். குறுக்கே இன்னொரு குச்சி போட்டால் இரண்டு முக்கோணம், அசையாது. எங்கள் வீட்டு வாண்டுக்கே புரிந்தது.

விட்டம்72:
தம்பி, நானும் அதைத்தானே சொல்கிறேன்? இவர்கள் போல்ட் போடவில்லை. ஃபெவிகால்!

அம்மா_ஒயிட்ஃபீல்ட்:
பசைச் சண்டை முடிந்ததா? பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க மத்திய அரசு பள்ளிகளில் வைக்கும் அடல் டிங்கரிங் லேபுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை கொடுக்கிறார்கள், 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும். என் பையன் பள்ளியில் 3டி பிரிண்டர் இருக்கிறது. யாராவது பார்வையிட வந்தால்தான் உறையைக் கழற்றுவார்கள். 2020 கல்விக் கொள்கையில் 6 முதல் 8 வரை புத்தகப் பை இல்லாத 10 நாள் என்று வேறு இருக்கிறது. அந்த நாளில் கணக்கு டெஸ்ட் வைக்கிறார்கள்.

கேஆர்புரம்_குமார்:
பிரிண்டர் எதற்கு அக்கா? நம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்.இ.டி., கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், பேட்டரி வாங்கிக் கொடுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட்டில் மாட்டி ஒரு எல்.இ.டி.யைக் கருக்கினால் கரண்ட் பற்றித் தானாகக் கேள்வி வரும்.

விட்டம்72:
பிள்ளைகளுக்குக் கருக்கக் கற்றுக்கொடுங்கள், நன்றாக இருக்கும். எஸ்.பி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைத்ததா முதலில்?

கேஆர்புரம்_குமார்:
மெட்ரோவில் போனேன் சார். அதற்கும் ஃபெவிகால்தான் காரணமா?

தேன்மொழி_அல்சூர்:
சார், செய்து பார்த்து, ஒடிந்த இடத்தைப் பார்த்து, வரைபடத்தை மாற்றி மறுபடி கட்டுவது. அதைத்தான் டிசைன் என்கிறோம். பிள்ளைகள் நோட்டைக் காட்டட்டுமா?

விட்டம்72:
நோட்டு வேண்டாம், எத்தனை கிராம் ஃபெவிகால் என்று எடை போட்டுச் சொல்லுங்கள். அப்புறம், நம் அபார்ட்மென்ட் பொங்கல் போட்டியில் என் பேரன் ரோபோவுக்கு மூன்றாம் பரிசு போட்ட நடுவர் யார் என்று எனக்குத் தெரியாதா?

தேன்மொழி_அல்சூர்:
ஓ, விஷயம் அதுவா! அது கடையில் வாங்கிய கிட் சார், ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை.

விட்டம்72:
ஸ்டிக்கர் அவனே ஒட்டியது!

அம்மா_ஒயிட்ஃபீல்ட்:
எதில் ஒட்டினான்?