ஸ்மெல்டிங்: உருக்குவதா, பிரிப்பதா?

நண்பர்களே,

பள்ளிப் பிள்ளைகளுக்கான வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். பண்டைக் காலத்தில் உலோகத் தொழில் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பது பாடம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தாதுவை உலையில் சூடாக்கி உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ‘ஸ்மெல்டிங்’குக்கு மட்டும் சொல் அமையவில்லை. இயற்கையில் கிடைத்த செம்பைத் தட்டியது, தாதுவிலிருந்து செம்பை எடுத்தது, அச்சில் வார்த்தது என்று பாடம் படிப்படியாகப் போகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ‘உருக்குதல்’ என்றே போட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

*

> ‘உருக்குதல்’ என்றே போட்டால்

குழப்பம் மட்டுமில்லை, இரும்புக்கு அது தவறும்கூட. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். பழைய உலைகள் 1200ஐ ஒட்டித்தான் எட்டின. கரியையும் தாதுவையும் மாற்றி மாற்றி அடுக்கித் துருத்தி ஊதினால், கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கிட்டம், அதாவது தாதுவின் கழிவு, உருகி வழிந்துவிடும். இரும்போ உருகாமல், துளை துளையான கட்டியாக உள்ளே நிற்கும். அதைச் சூட்டோடு அடித்து அடித்து மிச்சக் கிட்டத்தை வெளியேற்றினால்தான் அரிவாளுக்கு ஆகும். மூசை என்னும் மண்குப்பியில் உண்மையிலேயே உருகியதைத்தான் நம்மவர்கள் ‘உருக்கு’ என்றார்கள். கன்னட ‘உக்கு’, அதிலிருந்து ‘வூட்ஸ்’ என்று அந்தச் சொல் கடல் கடந்தே போனது. அதை இதற்கும் ஒட்டவைப்பது சரியில்லை. ‘உலைப்பிரிப்பு’ என்கிறேன்.

அப்புறம் ஒன்று. துருத்தி வேண்டாம், காலால் மிதித்து ஊதும் தோல்துருத்திக்கு ‘மிதிதோல்’ என்ற சொல் இருக்கிறது. ‘ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்’ என்கிறது குறுந்தொகை. ஏழு ஊர் வேலையும் ஓர் ஊர் உலையில் வந்து குவிகிறது, தோலுக்கு ஓய்வே இல்லை. அன்றாட வாழ்க்கை மாறியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாடத்தில் சேருங்கள்.

*

ஐயா, குறுந்தொகை சரி. பிள்ளைகளுக்கு ‘துருத்தி’யே புரியும், அதுவும் தமிழ்தான்.

‘உலைப்பிரிப்பு’ என்றதும் உலையைப் பிரித்துப் போடுவதாகத்தான் எனக்குப் படுகிறது. வேதியியல் வகுப்பில் ‘உருக்கிப் பிரித்தல்’ என்று சொல்லியே பழகிவிட்டோம். அதில் தவறும் இல்லை. செம்பு 1085 பாகையில் உருகிவிடும், உலையின் அடியில் தேங்கும். இரும்பிலும் நீங்களே சொன்னபடி கிட்டம் உருகுகிறது. எது உருகுகிறது என்று சொல்லில் இல்லையே!

சொல்லை விடப் பாடத்தில் முக்கியம் வேறு. வெண்கலத்துக்குச் செம்போடு வெள்ளீயமும் வேண்டும், அது கிடைத்த இடங்கள் குறைவு. துருக்கிக் கரையில் உளுபுருன் அருகே மூழ்கிய கப்பலில் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. கடல் கடந்து அப்படி வந்த வெண்கலம் எத்தனை உழவர் கைக்கு எட்டியிருக்கும்? இரும்புத் தாது பல இடங்களில் கிடைத்தது. கோடரியும் ஏரின் கொழுவும் சாதாரணக் குடிக்கு வந்தது அதனால்தான். அந்தப் பத்தியில் கடினச் சொல் வைத்து மாணவரை நிறுத்திவிடாதீர்கள்.

*

> எது உருகுகிறது என்று சொல்லில் இல்லையே

இல்லாததுதான் குறை. ‘இரும்பை உருக்கிப் பிரித்தார்கள்’ என்று படிக்கும் பிள்ளை, இரும்பு தண்ணீராக ஓடியது என்றே நினைக்கும். சம்மட்டி அடித்தவரின் உழைப்பு அங்கே மறைந்துபோகும். வேண்டுமானால் ‘தாதுப்பிரிப்பு’ என்று வையுங்கள்.

*

‘தாதுப்பிரிப்பு’ என்றால் தாதுவைக் கழுவிச் சலிப்பதோடு குழம்பும்.

*

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘உருக்கிப் பிரித்தல்’ பக்கம் இருப்பதால் அதையே வைக்கிறேன். இரும்பு வரும் பத்தியில் ‘உருகாத கட்டியை அடித்துத் தூய்மையாக்கினர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். துருத்தி துருத்தியாகவே இருக்கும்.

*

வரி நல்லது. சொல்லுக்கு என் மறுப்பு நிற்கிறது.