கேபிளில் இணையம் வரவில்லை, ஐபி முகவரி 169.254 என்றே காட்டுகிறது

வணக்கம் நண்பர்களே, டெஸ்க்டாப்பில் லேன் கேபிள் வழியாக இணையம் வர மறுக்கிறது. மொபைலில் வைஃபை நன்றாக ஓடுகிறது. அதே கேபிளை லேப்டாப்பில் செருகினால் 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் உடனே இணைகிறது. ஆகவே கேபிளையும் ரவுட்டர் போர்ட்டையும் விட்டுவிடலாம்.

டெஸ்க்டாப்பில் போர்ட் விளக்கு எரிகிறது, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதாவது ரவுட்டரில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கணினி தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. 192.168.1.50 என்று கையால் கொடுத்தும் பார்த்தேன். ரவுட்டருக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) கூடப் போகவில்லை.

விசித்திரம் என்னவென்றால், பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு ஆன் செய்தால் எல்லாம் சரி! ரீஸ்டார்ட் செய்தாலும் பிரச்சினை இல்லை. ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்தால்தான் பழைய குருடி கதவைத் திறடி கதை. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை என்பதால், போர்ட் போய்விட்டது என்று நம்ப மனமில்லை.

விண்டோஸ் 11இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (ஷட்டவுனுக்குப் பின் வேகமாக ஆன் ஆக வைக்கும் வசதி) அணைத்தாயிற்று, நெட்வொர்க் ரீசெட்டும் செய்தாயிற்று. அடுத்து நெட்வொர்க் அடாப்டரில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டையும், கேபிள் வழியாகவே கணினியை எழுப்பும் வேக் ஆன் லேனையும் நிறுத்திப் பார்ப்பதா, மதர்போர்டு தளத்திலிருந்து பழைய டிரைவரைப் போடுவதா, இல்லை பயாஸில் இஆர்பியை (ஷட்டவுன் ஆனபின் மின்சாரம் எடுப்பதைக் குறைக்கும் அமைப்பு) ஆன் செய்வதா? இதைச் சரிசெய்தவர்கள் எதைத் தொட்டீர்கள் என்று சொல்லுங்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.