செட்டிநாட்டு வண்டித்தடங்களை "அமானுஷ்யம்" என்று எழுதலாமா?

நடைராசா:
செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வீடுகளின் பர்மா தேக்கிலும் ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்கு வெளியே ஒரு நிலம் கிடக்கிறதே, அதை யார் எழுதுவது? சிறுவயல் பக்கம் பழைய வண்டித்தடம் ஒன்றில் நடந்ததைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன். செம்பூராங்கல் பாறையில் சக்கரம் அறுத்த இரண்டு பள்ளம். கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்குகிறது. இரண்டு பக்கமும் முள். மனுஷ வாடையே இல்லை. "இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று காலுக்குத் தெரிந்தது" என்று எழுதினேன். அதற்குத்தான் "பேய்க்கதை" என்று கிண்டல்.

நடந்தது உண்மைதானே? 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்க, கிழக்கிந்தியக் கும்பினிப் படை சிறுவயலில் இருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தது. வாரக்கணக்கில் வெட்டியும் முடியாமல் கைவிட்டு, வேறு பக்கமாகப் போய் அக்டோபர் 1இல் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த மண்ணில் நடக்கும்போது உடம்பு சிலிர்த்தால் எழுதக்கூடாதா?

கரிமூட்டம்:
எழுதுங்க சார், யாரு வேணாங்கறது. ஆனா எந்தக் காடு? நீங்க போட்ட படத்துல இருக்கறது பூராம் வேலிக்கருவை, அதான் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்ம நாட்டுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியிலதான். மருதுபாண்டியர் அதைக் கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டாங்க.

அப்புறம் "மனுஷ வாடையே இல்லை". மதியம் ரெண்டு மணிக்குப் போனா எப்படி இருக்கும்? ஆடு மேய்க்கறவரு எங்கயாச்சும் நெழல்ல துண்டை விரிச்சிருப்பாரு. விடியக்காலம் வாங்க. கருவை வெட்டிக் கரிக்கு மூட்டம் போடறவங்களைப் பாக்கலாம். கட்டையை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணு பூசி, புகைக்கு ஓட்டை விட்டு, வெள்ளைப் புகை நீலமாகிற வரைக்கும் ராத்திரி பூரா காவல் கிடக்கணும். கொஞ்சம் கண் அசந்தா மூட்டம் வெடிச்சு அவ்வளவும் சாம்பல். எங்கப்பா பாத்த வேலை. அந்தத் தடம் மூடாம இருக்கறதே அவங்க டிராக்டர் போயிட்டு வர்றதாலதான். ஆளை விட்டுட்டு ஆவியை எழுதறீங்க.

நடைராசா:
கருவை அயல்செடி என்பது என் கட்சிக்குத்தான் பலம். ஒரு படையே வெட்டித் தீர்க்க முடியாத காடு இன்று இல்லை. அந்த இடத்தில் கருவை முள்ளும் ஆர்.எஸ்.பதி என்கிற தைலமரத் தோப்பும். சிலிர்ப்பதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

புறநானூறு 109ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். மூவேந்தர் பாரியின் பறம்பு மலையை முற்றுகை போட்டபோது, உழாமலே விளைவது நான்கு என்று கபிலர் எண்ணிக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அந்தப் பறம்பு சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம பிரான்மலை. பாரி போன பிறகு அதே மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கலங்குவதும் அதே கபிலர்தான். விளைச்சலைக் கணக்குச் சொன்னவர் அழவும் செய்தார்.

கரிமூட்டம்:
கபிலர் பறம்புல இருந்தவரு. நீங்க கார்ல வந்து இறங்கினவரு.

தேவகோட்டை மெய்யம்மை:
தம்பி, கார்ல வந்தவங்க எழுதக்கூடாதுன்னு சட்டமா? நான் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கறவ. குன்றக்குடியில கெளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்லுன்னு காவடியோட போறோம். அதுவும் பழைய பாதைதான், இப்பத் தார் போட்டாச்சு. கொப்புளத்துக்கும் லாரிக்கும் பயப்படவே பொழுது சரியாயிருக்கு, அமானுஷ்யத்துக்கு ஏது நேரம்?

ஆனா பயத்தை ஒரேயடியாத் தள்ளிராதீங்க. எங்க ஊர் அய்யனார் கோயில்காட்டுல அடுப்பெரிக்கக்கூட ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டாங்க. ஒடிச்சா வயித்துவலி வரும்னு எங்க ஆயா சொல்லுவாக. காசாமரமும் வீரையும் உசிலையும் இன்னும் நிக்கிது. அந்தப் பயம் இல்லேன்னா அங்கயும் ஆர்.எஸ்.பதி நட்டிருப்பாங்க.

கரிமூட்டம்:
பயந்தான் காப்பாத்தும்னா கொள்ளுக்குடிப்பட்டிக்கு என்ன சொல்லுவீங்க ஆச்சி? அங்க இருக்கறது வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977ல அறிவிச்சது. கண்மாய்க்கு வர்ற பறவை மிரண்டு போயிரும்னு அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போடறதே இல்லை. பேயும் கிடையாது, சாமி குத்தமும் கிடையாது. குஞ்சு இருக்கு, சத்தம் வேணாம்னா புள்ளைங்க கேக்குது. அதை யாராவது சிலிர்த்து எழுதறாங்களா?

தேவகோட்டை மெய்யம்மை:
கேள்வி நல்ல கேள்விதான். ஆனா நாரையும் கொக்கும் கண்ணுக்கு அழகாத் தெரியுது, புள்ளைகளுக்கும் பிடிக்குது. காசாமரத்துக்காக யாரு வெடியை நிறுத்துவா? எங்க கோயில்காட்டுலயே பாதிப் பயம் போயிருச்சு. திருப்பணின்னு கொட்டகை போட்டாங்க, இடைஞ்சல்னு வீரை மரத்தைச் சாய்ச்சாங்க. வெட்டினவனுக்கு வயித்துவலி ஒண்ணும் வரலை.

காரைக்குடி பைக்கர்:
சண்டை அப்புறம் போடுங்க. அந்த வண்டித்தடம் லொகேஷன் யாராச்சும் போடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை ஒரு குரூப்பா வர்றோம், ரீல்ஸ் எடுக்கலாம்.

நடைராசா:
போடமாட்டேன்.

கரிமூட்டம்:
இதுல மட்டும் நான் சார் பக்கம்.

சார், பழைய பாதைதான் வேணும்னா வரத்துக்காலை, அதான் மழைத்தண்ணி வர்ற வாய்க்காலைப் பிடிச்சு நடங்க. பொட்டல்ல விழற மழை கால் வழியா ஊருணிக்கு வரும், ஊருணி நெறைஞ்சா கலுங்கு வழியா அடுத்த ஊருக்குப் போகும். எங்க ஊர்ல கால் மேலயே ப்ளாட் போட்டு எல்லைக்கு மஞ்சக்கல் ஊனியிருக்காங்க. ஐப்பசி மழை முடிஞ்சும் ஊருணியில முழங்கால் தண்ணி இல்லை. இதை எழுதுங்க, நானே நாலு குரூப்புக்கு அனுப்பறேன்.

நடைராசா:
கல் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டுங்கள், வருகிறேன். ஆனால் அங்கேயும் உடம்பு சிலிர்த்தால் சிலிர்த்தது என்றுதான் எழுதுவேன்.

கரிமூட்டம்:
சிலிர்க்கட்டும். சர்வே நம்பரையும் சேத்து எழுதுங்க.