புதுப்பிப்பு: கவிதை வாசிக்கும்போது மைக் ஊளையிட்ட பிரச்சினை தீர்ந்தது

எங்கள் தெரு வாசகசாலைக் கூடத்தில் மாதாமாதம் நடக்கும் பாட்டு, கவிதை மாலையில் மைக் ஊளையிடுகிறது, கவிதை வரிகள் எதிரொலியில் கரைந்துபோகின்றன என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவி எதையும் புதிதாக வாங்கவில்லை. "ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் கொண்டுவாருங்கள்" என்ற யோசனைதான் ஊளையை நிறுத்தியது. இதுவரை இரண்டு பெட்டிகளும் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், நேராக மைக்கைப் பார்த்தபடி இருந்தன. இப்போது மேடை விளிம்பில், கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன.

எதிரொலிக்கு, பின்சுவர் முழுக்கப் பழைய பவானி ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். வெறும் சிமென்ட் சுவர் என்பதால் வித்தியாசம் உடனே தெரிந்தது.

எதிர்பாராதது ஒன்று: ஒருவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்ததும் ஊளை திரும்பியது. பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசைச் சத்தத்தையும் வாங்குமாம். அப்புறம் ஸ்டாண்டிலிருந்து யாரும் மைக்கை எடுக்கவில்லை. இன்னொன்று, காலிக் கூடத்தில் சோதித்தபோது இருந்த எதிரொலி ஆட்கள் நிறைந்ததும் பாதியாகக் குறைந்தது. அதனால் காலிக் கூடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கடைசி வரிசைப் பாட்டி ஒருவர், "இன்னைக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு" என்றார். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை பறையும் கவிதையும். பறைக்கு மைக் வைக்கப்போவதில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் 9.30க்கே முடிக்கிறோம்.